பனிப் படமும் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

போன வருடம் மார்கழியில், எங்கள் செஞ்சியில் நடந்தது இது. ஊரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆதாருக்கும் பரீட்சைக்கும் முறைத்துக்கொண்டு உட்காருகிற முகங்களை எடுத்து எடுத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. அதனால் பனிக்காலம் வந்துவிட்டால், கடை திறப்பதற்கு முன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பிவிடுவேன்.

சிங்கவரம் போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு கிணற்று மேடு இருக்கிறது. அங்கே நின்றால் பனிக்கு மேலே ராஜகிரி உச்சி மட்டும் தெரியும், கீழே மலையே இல்லாத மாதிரி. அன்று நான் போனபோது நிலத்துக்காரம்மா மோட்டார் போட வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிலத்தில் போகலாமா என்று கேட்டேன்.

"போ தம்பி, அதுக்கு இன்னா. ஆனா வெதை போட்டு நாலு நாளுதான் ஆவுது. செருப்ப கழட்டிட்டு வரப்பு மேலயே போ. உள்ள கால் வெச்சிடாத."

"எனக்கு சொல்லணுமாக்கா? வல்லத்துல எங்க நைனாவும் மல்லாட்டைதான் போடறாரு" என்றேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்து வழி காட்டினார்.

அன்று கிடைத்த படம் மாதிரி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கடைக்கு வந்ததும் ஃபேஸ்புக்கில் போட்டேன். நூறு பேர் இடம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். தலை கிறுகிறுத்துவிட்டது. எந்தப் புளியமரத்துப் பக்கம் திரும்ப வேண்டும், வண்டியை எங்கே விடலாம், எத்தனை மணிக்கு வந்தால் பனி இருக்கும் என்று பெரிய வழிகாட்டி மாதிரி எழுதினேன். மேப்பில் புள்ளியும் வைத்தேன். அது விதை போட்ட நிலம் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. மறக்கவில்லை. எழுத நினைத்தேன், படத்தின் அழகுக்கு நடுவில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று பெருமையாகத்தான் போனேன். இருபது பைக், மூன்று கார். கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி நிலத்தின் நடுவில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ட்ரைபாட் கால்கள் மண்ணில் ஊன்றியிருந்தன. அப்போதுதான் மண்ணைப் பிளந்து தலை காட்டிய முளைகள் ஷூ தடத்துக்குள் நசுங்கிக் கிடந்தன. வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் மண். விதைத்த மண்ணைப் பார்த்தால் தெரிந்துகொள்ளும் கண் எனக்கு இருந்தது.

அந்த அக்கா ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ போட்டோ புடிக்கறவனாச்சே. நாலு நாளா இப்படித்தான் வர்றாங்க. இந்த எடத்த யாரு சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் குரலை உயர்த்திக் கத்தி எல்லோரையும் விரட்டினேன். உள்ளூர்க்காரன் கத்தினதும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயாவது வந்தியே" என்றார். அன்றைக்கே பதிவை அழித்தேன். அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். வரப்பில் முள் வெட்டிப் போட்டுக் காவல் இருந்தும் அந்தப் பட்டத்தில் அவருக்குப் பாதி நிலம்தான் தேறியது. நசுங்கின இடத்தில் மறுபடி விதைக்க அவரிடம் விதை இல்லை.

சித்திரை தொடக்கத்தில் அவர் ஒரு போட்டோ எடுக்க என் கடைக்கு வந்தார். மஞ்சள் பை நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடு தம்பி. அன்னிக்கு நீ மட்டும் வரலன்னா இதுவும் நின்னுருக்காது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. தலையைக் கொஞ்சம் தூக்குங்கக்கா என்று சொல்லிப் படத்தை எடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டில் எல்லோரும் கடலை நல்ல ருசி என்றார்கள். நான் ஒன்றைக்கூட எடுத்து வாயில் போடவில்லை.

அந்தப் பனிப் படம் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்போது மறுபடியும் மார்கழி, கேமராவைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் 'நான்தான்' என்ற ஒரே சொல். அதையும் இரண்டு மைல் தள்ளி இருக்கிற அவரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், பெயர் போடாமல் உங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.