எஸ்டேட்டிலிருந்து வந்த மின்னஞ்சல்

மஸ்கட்டில் நான் வேலை செய்யும் ஓட்டல் சலவைக்கூடத்தில், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் மனிதன்தானா என்று அது கேட்கும். காட்டும் படங்களில் பஸ் எவை என்று தொட வேண்டும். எங்கள் ஏற்காட்டு மலையில் வாழவந்தி பஸ்ஸுக்குப் பாதி வயது காத்து நின்றவன் நான். ஆனாலும் தினமும் ஒன்றைத் தவறவிடுகிறேன்.

போன வருடம், கம்பெனியே சோதனைக்கு அனுப்பிய போலி மின்னஞ்சலைத் திறந்துவிட்டேன். எல்லோர் முன்பும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தாலே கூசுகிறவன் நான்; காது சுட்டது. பிறகு வகுப்பு வைத்தார்கள். தெரியாத முகவரி, பெயர் சொல்லாத கடிதம், உடனே செய் என்ற அவசரம், கூடவே ஓர் இணைப்பு. இவை சேர்ந்து வந்தால் திறக்காதே, சிவப்புப் பொத்தானை அழுத்து என்றார்கள். பத்தாவதோடு நின்ற நான் அதை மனப்பாடம் செய்தேன்.

இந்த ஆடியில் ஒன்று வந்தது. "ஐயா, உடனே புறப்பட்டு வரவும். விவரம் இணைப்பில்." அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினேன். அது மறைந்துவிட்டது.

எங்கள் மலையில், தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட சேதியைப் போட்டு உடைக்கமாட்டார்கள். அப்பா இறந்தபோது நான் சேலத்தில் இருந்தேன். "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றுதான் ஆள் வந்து கூப்பிட்டார். மலை ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை. யாருக்கு என்ன என்று சொல்லாமல் வா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மஸ்கட்டில் அது தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் அண்ணனுக்குப் பக்கவாதம். பேச்சும் கையும் போய்விட்டன. என் புது எண் அவர் போனில் மட்டும் இருந்தது. அதைத் திறக்க வேறு யாருக்கும் தெரியவில்லை. அண்ணி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஓடியிருக்கிறார். அவரிடம் என் கம்பெனி மின்னஞ்சல் முகவரி இருந்தது. எனக்கு லீவு கிடைக்கட்டும் என்று டாக்டர் சீட்டை இணைத்து, வழக்கப்படி எழுதி அனுப்பியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ஏற்காட்டு போன் கடையில் அண்ணன் போனைத் திறந்து கொடுத்ததும் அண்ணி கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, ரைட்டர் போட்ட லெட்டர் வரலீங்களா?"

"வந்துச்சுங்க அண்ணி. திருட்டு லெட்டர்னு அழிச்சுட்டனுங்க."



"ரெண்டு நாளா வாசலையே பாத்துட்டுக் கெடந்தாருங்க. காத்தால எடுத்தாச்சு. இனி மெதுவா வாங்க, அவசரமில்லீங்க."

அன்று மதியமே கம்ப்யூட்டர் அதிகாரி, நல்ல ஓமானி மனிதர், ஒரு பாராட்டுத் தாளோடு வந்தார். சலவைக்கூடத்தில் மோசடி மின்னஞ்சலைக் கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தியவன் நான் ஒருவன்தானாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அது என் அண்ணன் விஷயமாக வந்தது என்றேன்.

"உன் அண்ணனா வைரஸ் அனுப்பினார்? கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யச் சொல்" என்றார்.

சரி என்றேன்.

கருமாதிக்குப் போனேன். வாசலில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, பேரென்ன, எந்த ஊருன்னு நல்லா விசாரிச்சு உள்ள உடுங்கப்பா. திருட்டு ஆளா இருக்கப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அண்ணி தலையைத் தூக்கவில்லை. பையோடு வாசலிலேயே நின்றேன். பையில் லீவுக் கடிதம் இருந்தது. பாராட்டுத் தாளையும் அதோடு சேர்த்து மடித்துக் கொடுத்திருந்தார்கள்.