மெஷின் இல்லாத மேடை

வீரபாண்டி நிட்டிங் கம்பெனியில் கன்னையன் ஆபரேட்டர். கோயில் நோம்பி சீசன் வந்தால் கந்தவேலின் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். சினிமாப் பாட்டை ரெக்கார்டில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒரு இழுப்பு கூடினாலும் கந்தவேல் முறைப்பார். பல வருஷம் அப்படியே வாசித்தவனைக் கெடுத்தது ஒரு கேசட். துணி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கம்பெனியில் மறந்துவிட்டுப் போனது.

ஏதோ ஒரு ராக் குழு மேடையில் வாசித்தது அது. ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடியது. பாடுகிறவன் முடித்த பிறகுதான் அவர்கள் வாசிக்கவே ஆரம்பித்தார்கள். ஒருவன் எங்கேயோ கிளம்ப, மற்றவர்கள் விடாமல் பின்னாலேயே போனார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. சாவதற்குள் ஒரு தடவையாவது ஜனங்கள் முன்னால் அப்படி வாசித்துவிட வேண்டும் என்று கன்னையனுக்குப் பைத்தியம் பிடித்தது.

துணைக்குச் சந்தனம் சேர்ந்தான். தெற்கிலிருந்து பிழைக்க வந்தவன். அதே கம்பெனி, அதே ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ். அவசர ஆர்டர் இருக்கும் ஞாயிறுகளில் ஒரே ஒரு பழைய மெஷின் மட்டும் ஓடும். பார்த்துக்கொள்ள இவர்கள் இருவரும். சுற்றுக்கு ஒரு தரம் அது 'டக்' என்று அடிக்கும். அதன்மேல் சந்தனம் நூல் பெட்டியைத் தட்ட, கன்னையன் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரோடு எங்கெங்கோ போய்வருவான். எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர வழி தெரிந்தது. அது தங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தார்கள், பாவம்.

தொண்ணூற்றைந்தில் சாமளாபுரம் மாரியம்மன் நோம்பி. பாடகர் வந்த வேன் பல்லடத்தில் பஞ்சராகி நின்றுவிட்டது. கந்தவேல் கையைப் பிசைந்தார்.

"கன்னையா, அவரு வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எதையாச்சும் வாசிச்சு ஓட்டுங்க கண்ணு."

கன்னையன் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கூட்டம் பேசாமல் கேட்டது. தைரியம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற இடத்துக்கே போனான். போனவனுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. அந்த 'டக்' இல்லை. சந்தனத்தைத் திரும்பிப் பார்த்தான். அவனும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். வாசிப்பு ஆளுக்கொரு பக்கம் ஓடியது, கூட்டத்தில் கேலி விசில் பறந்தது.

"ஏனுங்க, பாட்டுப் பாடுவீங்களா, மாட்டீங்களா?"

கந்தவேல் வந்து ஒயரைப் பிடுங்கினார். அந்த அவமானத்தைக்கூடக் கன்னையன் தாங்கிக்கொண்டான். தனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தது பொய்யாகிப்போனதுதான் அவனை அறுத்தது.

அடுத்த ஞாயிறு சந்தனம் வழக்கம்போல நூல் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வாங்கண்ணே. இங்கன வாசிச்சா சரியா வந்துரும்."

கன்னையன் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தான். மெஷின் சுற்றி ஓய்ந்து நின்றது. அந்தக் கட்டடத்தில் அப்படியொரு அமைதியை இருவரும் கேட்டதில்லை.

"அண்ணே, அவசர ஆர்டரு! மொதலாளி கொன்னே போடுவாரு."

"கொன்னாக் கொல்லட்டும். நீ அடி கண்ணு."

சந்தனத்தின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு அடி விழுந்தது. கன்னையன் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அடுத்தது எப்போது வரும் என்று இருவருக்குமே தெரியவில்லை.