சோற்றைக் குறைத்தேன், ஊசியைக் குறைக்கவில்லை

பிரியாணி வேகும் தேக்சாவின் மூடியைத் தூக்கும்போது என் கை நடுங்கியது. திருவண்ணாமலையில் இருபது வருடமாகக் கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைப்பவன் நான். அடுப்படியில் வியர்ப்பது புதிதல்ல. அன்று வியர்வை ஜில்லென்று இருந்தது. அரிசிக்கு உப்பு போட்டேனா என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

என் மனைவியின் தம்பி, கூட வேலை செய்யும் அன்வர்தான் முதலில் கவனித்தான்.

"இன்னாங்க மச்சான், முகம் இப்டி வெளுத்துப்போச்சு?"

ஏதோ சொன்னேன். அது வார்த்தையாகவே இல்லை என்று பிறகு சொன்னான். அல்வாவுக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். அதற்குப் பெயர் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது).

தவறு என்னுடையதுதான். நான்கு நாள் முன்னால், நானாகவே மாவுச்சத்தைக் (அரிசி, கோதுமை, கிழங்கு போல உடலில் சர்க்கரையாக மாறும் உணவு) குறைத்திருந்தேன். காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு முட்டை, கொஞ்சம் சுண்டல். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டேன். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பு.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்று என் மனைவி நூர்ஜஹான் அப்போதே சொல்லத்தான் செய்தாள்.

"சோறு ஜாஸ்தி துன்னாதான் திட்டுவாங்க. கம்மி பண்ணா எதுக்குத் திட்டுவாங்க?" என்றேன்.

மயக்கம் வந்த கதையைப் போய்ச் சொன்னபோது, வேங்கிக்காலில் இருக்கும் டாக்டரம்மா திட்டவில்லை.

"சோத்தக் கம்மி பண்ணது நல்லதுதான் பாய். ஆனா இந்த ஊசி, நீங்க சாப்பிடுற அஞ்சு இட்லிய வெச்சு எழுதுனது. இட்லி உள்ள போகலன்னா ஊசி சும்மா இருக்குமா? இருக்கற சர்க்கரைய இறக்கிக்கிட்டேதான் போகும்."

காலை ஊசியை இருபத்துநான்கு யூனிட்டிலிருந்து பதினாறாகக் குறைத்தார். தினமும் நான்கு வேளை விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துப் பார்த்து மேலும் குறைத்தார். நான்கு மாதத்தில் பத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"ஊசியே வேணாம்னு ஆயிடுங்களா?"

"சிலருக்கு ஆகும். உங்களுக்கு ஆகும்னு இப்ப சொல்லமாட்டேன்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பத்து யூனிட் தோல்வியில்லை. என் உடம்புக்குத் தேவையான அளவு, அவ்வளவுதான். உங்கள் அளவு வேறாக இருக்கும். தட்டில் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தொழிலில்தான் சங்கடம். "மாஸ்டரே சாப்பிடலன்னா எப்டி?" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்கள் முன்னாலேயே இரண்டு கரண்டி சோறு, நிறையக் கறி, வெங்காயப் பச்சடி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ருசி பார்க்க ஒரு வாய் போதும் என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது.

முன்பு என் பகல் முழுவதும் தம் போடும் நேரம், இறக்கும் நேரம் என்றே போகும். நடுவில் உடம்பு என்று ஒன்று இருந்ததே தெரியாது. போன வாரம் ஒரு நிக்காஹ் வீட்டில், பதினோரு மணிக்கு வயிறு என்னவோ செய்தது. அடுப்பை அன்வரிடம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. பயப்பட ஒன்றுமில்லை. அது வெறும் பசி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு வெறும் பசி எடுத்திருந்தது.