ஜெபச் சங்கிலியில் ஐந்தாவது ஆள்

மிஷினக்காவுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது ஒரு வார்த்தை சுருக்கென்று சொல்லிவிட்டால் கத்த மாட்டார், சண்டைக்கு நிற்க மாட்டார், சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஆனால் அந்த வார்த்தையைப் பத்திரமாக மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். பதினேழு வயதில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவர். ஐம்பத்து மூன்று ஆகியும் எழுந்தபாடில்லை. அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சபையில் பாஸ்டரே நன்றி சொல்லும்போது "நம்ம மிஷினக்கா" என்றுதான் சொல்லுவார்.

அவருக்கு ஆகாத ஒரே ஆள் வெண்கலக்கா. பாடகர் குழுவில் மேல்ஸ்தாயி பாடுகிறவர். வாயைத் திறந்தால் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார், அதனால் வந்த பட்டப்பெயர். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். மனதில் பட்டதை வாயால் சொல்லிவிடுவார், சொன்னதை அடுத்த நிமிடமே மறந்தும்விடுவார்.

நாலு வருடத்துக்கு முன்னால் பாடகர் குழுவுக்குப் பன்னிரண்டு வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தார் மிஷினக்கா. அளவு கொடுக்க எல்லோரும் வந்தார்கள், வெண்கலக்கா மட்டும் வரவில்லை. பழைய அளவே போதும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அங்கி வந்த அன்று அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கையை இரண்டு பக்கமும் விரித்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"ஏங்க, இது அங்கியா, தலையணை உறையா?"

பதினொரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஷினக்காவும் சிரித்தார். அதற்கப்புறம் நாலு வருடம், ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும் நேரத்தில் வெண்கலக்கா நிற்கிற பக்கம் அவர் போனதே இல்லை. போகாமல் இருக்கிறார் என்று வெண்கலக்காவுக்குத் தெரியவும் தெரியாது. வெட்டிப் பகை என்றால் இதுதான்.

பிறகு ஊரெங்கும் தொற்றுநோய் வந்தது. ஆலயத்துக்குப் பூட்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போனுக்குள் போய்விட்டது. மிஷினக்கா போனை நூல் டப்பாவில் சாய்த்து வைத்து, தலைக்குத் துணி போட்டுக்கொண்டு உட்காருவார். பஸ் ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே பழைய கால்சட்டையுமாகப் பக்கத்தில் உட்காருவார். பாஸ்டர் ஜெபிக்கும்போது எந்த வீட்டிலோ குக்கர் விசிலடிக்கும். திருவிருந்து நாளில் அவரவர் வீட்டு ரொட்டியை அவரவரே பிட்டுக்கொண்டார்கள். தொண்டைக்குள் இறங்கவில்லை என்றார் வீட்டுக்காரர். மிஷினக்காவுக்கும் இறங்கவில்லை.

இப்படியே விட்டால் ஆளுக்காள் துண்டு துண்டாகிப் போய்விடுவோம் என்று பாஸ்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். பெண்கள் ஐக்கியத்தில் இருபத்திரண்டு பேர். காலை ஆறு மணிக்குப் பாஸ்டரம்மா முதல் ஆளைக் கூப்பிட்டு, ஜெபக் குறிப்புகளைச் சொல்லி, சேர்ந்து ஜெபிப்பார். முதல் ஆள் இரண்டாவது ஆளைக் கூப்பிட வேண்டும், இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளை. குறிப்பில் ஒன்றையும் விடக்கூடாது, புதிதாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி ஆள் பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டு, "சங்கிலி வந்து சேந்துடுச்சும்மா" என்று சொல்ல வேண்டும். அதற்குள் மணி ஏழைத் தாண்டிவிடும். சங்கிலி வந்து சேர்ந்தால் இருபத்திரண்டு பேரும் நலம் என்று கணக்கு.

பட்டியலில் மிஷினக்கா நாலாவது. ஐந்தாவது வெண்கலக்கா. ஆறாவது, காது மந்தமான டீச்சரம்மா.

பதினைந்து நாள் ஒழுங்காகத்தான் போனது. மிஷினக்கா குறிப்பைச் சொல்லுவார், ஜெபிப்பார், வைத்துவிடுவார். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினாறாம் நாள் ஆமென் சொன்ன கையோடு வெண்கலக்கா ஆரம்பித்தார்.

"மிஷினக்கா, சபைக்குத் தெச்சுக் குடுத்தீங்களே மாஸ்க், எலாஸ்டிக் ரொம்ப இறுக்கம். காது பிஞ்சுடும் போல இருக்கு. எல்லாரும் முதுகுக்குப் பின்னாடி சொல்றாங்க, நான் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

"சரிங்க. தளர்த்திடறேன்" என்றார் மிஷினக்கா.

அன்று முழுவதும் மிஷின் சரியாக ஓடவில்லை. நூறு மாஸ்க் மீந்த துணியில் தைத்துக் கொடுத்தவருக்குக் கிடைத்த பரிசு இது. தலையணை உறையும் எலாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டன. மறுநாள் காலை குறிப்பு வந்ததும் வெண்கலக்காவைத் தாண்டி நேரே டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்.

"நீ ஏம்மா கூப்பிடற? வெண்கலம்தானே கூப்பிடணும்?"

"அவங்க போன் ரிப்பேராம் டீச்சர்."

"என்னது? சத்தமாச் சொல்லு."

"போன் ரிப்பேராம்!"

பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஒருநாள் ரோஷம்தான், நாளைக்குக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் டீச்சரம்மா கடமை தவறாதவர். முப்பது வருடம் வருகைப் பதிவு எடுத்தவர். காதில் விழுந்ததைக் குறிப்பில் சேர்த்துவிட்டார். அது பதினாறு வீடு கடந்து பாஸ்டரம்மாவிடம் சேர்ந்து, மறுநாள் காலை ஒவ்வொரு வீடாக இறங்கி மிஷினக்காவிடமே வந்தது. கூப்பிட்ட மூன்றாவது ஆள் சொன்னார்:

"அஞ்சாவது குறிப்பு. வெண்கலக்கா போன் ரிப்பேராம். பாவம், தனியா இருக்காங்க. சீக்கிரம் சரியாகணும்னு ஜெபிச்சுக்குங்க."

மிஷினக்கா கண்ணை மூடி ஜெபித்தார். வேறு என்ன செய்வார்? இப்போது வெண்கலக்காவைக் கூப்பிட்டால், ரிப்பேரான போன் எப்படி மணியடித்தது என்று ஒருவர் கேட்பார். அன்றும் தாண்டினார். அதற்கு அடுத்த நாளும் தாண்டினார். நல்ல போன் ஒன்று சரியாக வேண்டும் என்று ஒரு சபையே தினமும் காலையில் முழங்காலில் நின்றது. போன் கெட்டுப்போன வீட்டுக்கு யாரும் போன் போடவில்லை. ஞாயிறு ஆராதனையில் வெண்கலக்காவைக் காணாததற்கும் போன்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தாண்ட ஆரம்பித்த எட்டாம் நாள் காலை ஆறு இருபத்தைந்துக்கு மிஷினக்காவின் போன் அடித்தது. திரையில் வெண்கலக்காவின் பெயர். எடுத்தால் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார், அந்த வெண்கலக் குரலுக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு முறை அடித்து நின்றது. மிஷினக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் பாஸ்டரம்மா எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். வெண்கலக்கா குடியிருந்த மாடிக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காமல் போகவே, தாழ்ப்பாளை உடைத்து வெண்கலக்காவை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்களாம். மூச்சு வாங்குகிறதாம். பேச முடியவில்லையாம்.

"இன்னும் ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார்" என்றார் பாஸ்டரம்மா. "தெனமும் காலைல ஆறு மணிக்கே தலைக்குத் துணி போட்டு, போனை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்திருப்பாங்களாம். வீட்டுக்காரம்மா கீழருந்து பாத்திருக்காங்க. கெட்டுப்போன போனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணாங்களோ, பாவம்."

மிஷினக்கா "ஆமாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

நாலு நாளில் வெண்கலக்கா போய்விட்டார்.

அடக்க ஆராதனையும் போனில்தான். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் தூரத்தில் நின்றார், பிளாஸ்டிக் உடுப்பு போட்ட நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். பாட்டைப் பாட ஆளாளுக்கு வீட்டிலிருந்து வாய் திறந்தார்கள். ஒருவர் முதல் அடியில் இருக்க, இன்னொருவர் இரண்டாவது அடிக்குப் போய்விட்டார். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் பாட்டு பாதியிலேயே நின்றுபோனது. வீட்டுக்காரர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். மிஷினக்கா அழவில்லை. அழுதால் அது யோக்கியமில்லாத அழுகையாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் பாஸ்டரம்மா மறுபடி கூப்பிட்டார்.

"மிஷினக்கா, பட்டியலை மாத்தியிருக்கேன். இனிமே நீங்க நேரா டீச்சரம்மாவுக்கே போட்டுடுங்க. உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே."

பத்து நாள் பொய்யாக நடந்தது இப்போது பட்டியலிலேயே ஏறிவிட்டது. இனிமேல் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. போனில் அந்த ஒரு தவறிய அழைப்பை அழித்துவிட்டால் உலகத்தில் சாட்சியே இல்லை. மிஷினக்கா அழிக்கிற இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை குறிப்பு வந்தது. தலைக்குத் துணி போட்டுக்கொண்டு டீச்சரம்மாவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், வெண்கலக்கா போன் ரிப்பேர் இல்ல."

"என்னம்மா?"

"போன் ரிப்பேர் இல்ல டீச்சர். நான் பொய் சொன்னேன்."

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

"நான் பொய் சொன்னேன்!" மிஷினக்கா கத்தினார். "போன் நல்லாத்தான் இருந்துச்சு! நான் வேணும்னே அவங்களக் கூப்பிடல! அவங்களே எனக்குக் கூப்பிட்டாங்க, நான் எடுக்கல!"

எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் கையில் டம்ளரோடு வந்து வாசற்படியில் நின்றார். டம்ளரை மிஷின் மேசை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

காதில் விழவில்லையோ, இன்னொரு முறை கத்த வேண்டுமோ என்று மிஷினக்கா பயந்தார்.

"ஏம்மா?" என்றார் டீச்சரம்மா கடைசியில்.

"ஒரு அங்கிக்காக டீச்சர். அப்புறம் எலாஸ்டிக்குக்காக." சொல்லும்போதே அது எவ்வளவு அற்பம் என்று உடம்பு கூசியது. நாலு வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மிஷினக்கா அழுது முடிக்கும்வரை டீச்சரம்மா பொறுத்தார். திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

"இது நமக்குள்ள இருக்கட்டுமா? இல்ல, குறிப்புல சேக்கணுமா?"

மிஷினக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவுக்கு அப்புறம் பதினாறு வீடு. கடைசியில் பாஸ்டரம்மா. நாளைக் காலையில் அதே குறிப்பு மூன்றாவது ஆளின் வாயால் தன் காதுக்கே வந்து சேரும்.

"குறிப்புதான் டீச்சர். ஒண்ணையும் விடாம சொல்லிடுங்க."

"இரு, நோட்டு எடுத்துக்கறேன்." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "ம். எழுதிக்கறேன். மொதல்ல இருந்து மெதுவாச் சொல்லு."

மிஷினக்கா முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் டீச்சரம்மா "ம்" கொட்டினார். பிறகு இருவரும் ஜெபித்தார்கள். பேச்சு முடிந்தபோது மணி ஆறரை. வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினார். மிஷினக்கா குடிக்கவில்லை. தலைத் துணியை எடுக்காமல், போனை மடியில் வைத்துக்கொண்டு, சங்கிலி பாஸ்டரம்மாவிடம் போய்ச் சேரும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார்.