ஓல்டா விட்டுட்டுப் போன ஜாடி

போஷெனாவுக்கு மூக்கு செத்துப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. ஆத்தோரக் காகித மில்லுல, கூழை வெளுக்கற செக்‌ஷன்ல வேலை பாத்தவ. வெளுக்கறதுக்குக் குளோரின். குழாய் ஒழுகும். முகமூடி குடுன்னு கேட்டாங்க. மேனேஜ்மென்ட் ஆளுக்கொரு தம்ளர் பால் குடுத்துச்சு. பால் குடிச்சா நெஞ்சு கழுவிருமாம். குடிச்சாங்க. மூக்கு போச்சு. அப்புறம் மில்லும் போச்சு. மூக்குக்கு நஷ்டஈடுன்னு எவனும் வாயத் தொறக்கல.

ஒரு வாசனை மட்டும் அவள விட்டுப் போகல. ரொட்டி நறுக்கிட்டு இருப்பா, தலை சீவிட்டு இருப்பா, திடீர்னு இல்லாத ப்ளீச்சிங் பவுடர் வாசனை மண்டைல ஏறும். அந்த செக்‌ஷன்ல இருந்த எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. "பேய் வந்துருச்சுடி"ன்னு தங்களுக்குள்ள சொல்லிச் சிரிச்சுக்குவாங்க. சிரிக்காம வேற என்ன பண்றது?

பனி உருகி, ஆத்தங்கரையில அகல இலைச் செடிங்க குடை விரிக்கற சமயத்துல, மரத்தடி ஈரத்துல கிண்ணக் காளான் மொளைக்கும். ஒடஞ்ச மண்சட்டித் துண்டு மல்லாந்து கெடக்கற மாதிரி இருக்கும். உள்ள காப்பிக்கொட்டை நிறம், நரம்பு நரம்பா சுருக்கம். வெளிய வெளுப்பு. கெட்ட நேரம் என்னன்னா, அதே எடத்துல அதே நிறத்துல வேற கிண்ணமும் மொளைக்கும். சிலது சும்மா கெடக்கும், சிலது வயித்தப் பொரட்டி ஆஸ்பத்திரில கொண்டு போட்டுரும். இளசுல எதுக்கும் சுருக்கம் விழாது, கண்ண நம்ப முடியாது. கிள்ளி மோந்து பாக்கணும். குப்புனு ப்ளீச்சிங் வாசனை அடிச்சா நல்லது. அடிக்கலன்னா தூக்கி வீசிறணும். நல்லதையும் பச்சையாத் திங்கக் கூடாது. வெந்தாலும் காஞ்சாலும் அந்த வாசனை ஓடிரும். அதனால மோக்கறத ஆத்தங்கரையிலயே முடிச்சிறணும்.

அவ புருஷன் ஓல்டா மில்லுக்கு மரம் ஏத்திட்டு வந்த லாரி டிரைவர். மூக்கு நல்லாருந்த ஆளு. வருஷா வருஷம் இவ தேடிக் குடுத்து "அடிக்குதா?"ம்பா, அவன் மோந்து பாத்துக் கூடையில போடுவான்.

"கண்ணு உன்னுது, மூக்கு என்னுது. சேத்தாத்தான்டி ஒரு முழு ஆளு"ம்பான்.

போன இலையுதிர் காலத்துல வாசல்ல வெறகு பொளந்துட்டு இருந்தவன் அப்படியே சாஞ்சான். அலமாரியில அவன் மோந்து பாத்துக் காயவெச்ச காளான் அரை ஜாடி மிச்சம்.

பிராக்ல இருந்து மகன் ராதிம் போன் பண்ணான். "அம்மா, அப்பா இல்லாத அந்த வீட்டுக்கு வர்றதுக்கே மனசு வரல."

"ஈஸ்டருக்குக் கூடவாடா?"

"நாதிவ்கா பண்ணுவியா? அந்தக் காளான் போட்டு?"

"பண்ணுவேன். வா."

காஞ்ச ரொட்டி, முட்டை, பொகைக்கறி, செந்தட்டித் தழை எல்லாம் போட்டுச் சுடற பண்டம் அது. இவங்க வீட்டுல காளானும் விழும். அந்தக் காளானுக்காகத்தான் அவன் வர்றான், அத விட்டா இனிமே வரமாட்டான்னு போஷெனா நெனச்சா. நெனச்சது தப்புன்னு சொல்ல முடியாது. அரை ஜாடி பத்தாது. அந்த வருஷம் ஈஸ்டர் லேட்டு, காளான் மொளைச்சிருச்சு. தனியா ஆத்தங்கரைக்கு எறங்கினா. கூடை நெறையப் பறிச்சா. மோக்கத்தான் ஆள் இல்ல.

கூடையத் தூக்கிட்டு யர்மிலா வீட்டுக்குப் போனா. அவளும் அதே செக்‌ஷன், அதே பால்.

"மோந்து பாருடி."

"என் மூக்கா? போன வாரம் சட்டி கருகி ஜன்னல் வழியா பொகை போகுது, எதிர்வீட்டுக்காரன் வந்து கதவ இடிக்கிறான். அந்த மூக்கக் கேக்கறியே!"

"சும்மா பாருடி."

யர்மிலா ஒண்ணக் கிள்ளி மூக்குல வெச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. "அடிக்குதுடி! செக்‌ஷன் கதவத் தொறந்த மாதிரி அடிக்குது!"

போஷெனாவும் மோந்தா. அவளுக்கும் அடிச்சுது.

"பேயா இருக்குமோ?"

"போடி! பேய் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வருமா?"

நியாயமாத்தான் பட்டுச்சு. ஒண்ணொண்ணாக் கிள்ளினாங்க. எல்லாமே அடிச்சுது.

போஷெனா மண்ணத் தொடச்சு, நறுக்கி, நூல்ல கோத்து அடுப்புக்கு மேல தொங்கவிட்டா. மொறுமொறுன்னு காஞ்சதும் ஓல்டாவோட ஜாடியில கொட்டிக் குலுக்கினா. மூடி வரைக்கும் நெறைஞ்சுது. அவன் செத்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் வாய்விட்டுப் பாடினா.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ராதிமும் பொண்டாட்டி இலோனாவும் வந்தாங்க. காளான் மொளைக்கற எடத்தக் காட்டறேன்னு மருமகள ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனா போஷெனா. கடைசியா மொளைச்சதுங்க கொஞ்சம் நின்னுச்சு. இலோனா ஒண்ணப் பிச்சு மோந்தா.

"அத்தை, இது ஒண்ணும் அடிக்கலயே."

"நல்லாக் கிள்ளிப் பாரும்மா."

"இல்ல அத்தை. சும்மா மண்ணு வாசனை." இன்னொண்ணப் பிச்சா. "அய்யே, இது அடிக்குது, பாத்ரூம் கழுவின மாதிரி!" அடுத்தது. "இது இல்ல. இதுவும் இல்ல."

போஷெனா கைய நீட்டி வாங்கி மோந்தா. எல்லாமே அடிச்சுது. ஒரே மாதிரி.

"இங்கதாம்மா மொத்தத்தையும் பறிச்சேன்"னா.

வீட்டுக்கு வந்து ஜாடிய மேஜை மேல கொட்டினாங்க. இலோனா குனிஞ்சு மோந்து பாத்தா. காஞ்ச எல வாசனை, அவ்வளவுதான். போஷெனா வெரலால ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தா. மொத்தமும் ஒரே பழுப்புச் சில்லு.

"அப்பாவோடது எதும்மா?" ராதிம் கேட்டான்.

அவ ஒரு சில்ல எடுத்தா, வெச்சா, இன்னொண்ண எடுத்தா.

"விடும்மா. காளான் இல்லாமலே பண்ணு."

பண்ணினா. "நல்லாருக்கும்மா"ன்னான் அவன். ரெண்டாவது துண்டு கேக்கல. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கெழம, ஊர் வழக்கப்படி வில்லோ மரக் குச்சியோட தெருவுல எறங்கி அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரிங்களையும் தட்டி முட்டை வாங்கற பய, ஞாயித்துக்கெழம மத்தியானமே பைய எடுத்தான். ரோட்டுல கூட்டமா இருக்கும்னான். இலோனா மாமியாரக் கட்டிப் பிடிச்சா, ரொம்ப நேரம். அதுதான் தாங்க முடியல.

கார் போனதும், விஷயம் கேள்விப்பட்ட யர்மிலா வாசல்ல வந்து நின்னா. உள்ள வரல. "எல்லாம் என்னாலதான்டி."

"உன் மூக்கு என்ன பண்ணும்? போய் வேலையப் பாரு."

போஷெனா அடுப்பத் தொறந்தா. மேஜை மேல இருந்தத ரெண்டு கையாலயும் வாரி உள்ள போட்டா, ஓல்டாவோடதையும் சேத்து. ஜாடியக் கழுவிக் கவுத்தா. சில்லுங்க சுருண்டு கருகுச்சு. குப்புனு ப்ளீச்சிங் வாசனை ஏறுச்சு, கண்ணு எரியற அளவுக்கு.

"ஓல்டா, அடிக்குதா?"ன்னு கேட்டுட்டா, வழக்கம்போல.