மாதவியின் பறவை மிஷின்

பிரிக்பீல்ட்ஸில் மாதவியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். கண் பார்வை இல்லை. ஆனால் கை ராசியான கை. மோனோரயில் பாதையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், இருபது வருடமாகப் பிறருடைய முதுகையும் பாதத்தையும் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. அது எனக்குத் தெரியவந்த விதம் நான் பெருமைப்படும்படியானதல்ல. இருந்தாலும் சொல்கிறேன்.

என் பெயர் பரமேஸ்வரன். கிள்ளானில், வீட்டு வாசலில் தானாகத் திறக்கிற ஆட்டோகேட்டும் சிசிடிவி கேமராவும் மாட்டுகிற ஆள். இளவயதில் வீடியோ கேம் மிஷின்களைப் பழுது பார்த்தவன் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் எங்கேயோ தூசி படிந்து நிற்கிற பழைய மிஷினுக்காக என்னைத் தேடுவார். இந்த முறை தேடியவர் இராஜம்மா அக்கா. மாதவியின் மசாஜ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் சின்னதாகப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். கடையின் உள்கோடியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கி வைத்த ஆளுயர மிஷின் ஒன்று நிற்கிறது. பெயர் எழுதிய பலகை எப்போதோ வெளுத்துப்போய்விட்டது. மேலேயிருந்து பறவைகள் இறங்கும். கீழே ஒரு படகு. படகை இடமும் வலமும் நகர்த்திப் பறவைகளைச் சுட வேண்டும். அதனால் அது பறவை மிஷின்.

இரண்டு நாள் விட்டுவிட்டு எரிந்தது, பிறகு ஒரேயடியாகப் படுத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னார். மாதவி தினமும் வந்து கேட்கிறாளாம், பதில் சொல்லவே சங்கடமாக இருக்கிறதாம். மாதவி என்றதும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற ஏதோ ஒரு பெண்பிள்ளை என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ரகம் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கொமுட்டர் ரயில் பிடித்துப் போனேன். மூன்று மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் பாதித் தூக்கத்தில் இருந்தது. வாழையிலைக் கூட்டம் கலைந்துவிட்டது. பூக்கடைக்காரர் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அப்படியே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மழை வருவதற்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் கடைக்குள் பாதி தூரம் வந்து நின்றது. எனக்கு அந்த நேரம் பிடிக்கும். எந்த வேலையும் அவசரமில்லை என்று தோன்றுகிற நேரம் அது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். டார்ச் அடித்ததும் வியாதி தெரிந்துவிட்டது. சுவர் மின்சாரத்தை வாங்கி மிஷினுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, அதுதான் பவர் சப்ளை, செத்துக் கிடந்தது. உள்ளே இருந்த கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, காலடியில் பழுப்பாகக் கசிந்திருந்தன. அதே மாதிரிப் பெட்டி அப்போது எனக்குக் கிடைக்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த கம்ப்யூட்டர் பவர் சப்ளையை வைத்து, ஐந்து வோல்ட் ஒயரை ஐந்துக்கும் பன்னிரண்டைப் பன்னிரண்டுக்கும் சேர்த்தேன். பெட்டியில் அளந்தால் போதாது, போர்டு வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். மீட்டர் சரியாக ஐந்து காட்டியது.

ஒரு வெள்ளை ஒயர் மட்டும் மிஞ்சியது. மைனஸ் ஐந்து வோல்ட். நான் வைத்த பெட்டியில் அது கிடையாது. இந்த மிஷினில் அந்த ஒயருக்கு ஒரே வேலைதான், சத்தம். தெரியாமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் நீல வானம் விரிந்தது. பறவைகள் ஒரு சத்தமும் இல்லாமல் வரிசையாக இறங்கின. அழகாகத்தான் இருந்தது. சத்தம் வரவில்லையே, அதற்கு இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் இழுத்தேன். அவருக்கு முகமெல்லாம் நிம்மதி.

"இத்தன வருஷமா கத்தித் தீர்த்துச்சு. ஊமையாவே இருக்கட்டும் லா," என்றார்.

எனக்கும் வசதியாகப் போயிற்று. வெள்ளை ஒயரின் நுனியில் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு மாதவி வந்தாள். பள்ளிப் பெண் இல்லை. நாற்பத்தாறு வயது, கழுத்தில் மடித்துப் போட்ட துண்டு, கையில் வெள்ளைக் கோல். வாசற்படியிலேயே நின்று காது கொடுத்தாள். பிறகு நேராக மிஷினிடம் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்திருக்கும்.

"இன்னும் ஆன் பண்ணலையா அண்ணே?" என்று கேட்டாள்.

படம் ஜோராக வருகிறது என்று கடையில் இருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. ரவாங்கில் பிறந்தவள். தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பத்தொன்பதாவது வயதில் கண் மங்கத் தொடங்கி, இரண்டு வருடத்தில் முழுதாகப் போய்விட்டது. மசாஜ் கற்றுக்கொள்ள பிரிக்பீல்ட்ஸ் வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். கோபக்காரி. நடைபாதையில் பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளின் மேல் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், அலாரம் அலறும் வரை கோலால் தட்டுவாள். ஆனால் உதவி செய்கிறவர்களிடம் அவளால் கோபப்பட முடியாது. சும்மா நிற்கும்போது யாராவது கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவார்கள். அவள் நன்றி சொல்லி, அவர்கள் போகும்வரை அங்கேயே நின்று, மறுபடி கடந்து வருவாள். உணவகத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள். இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல. அதில் மூச்சு முட்டியதும் உண்டு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கியபோதுதான் அவள் இந்த மிஷினின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டாள். தொடவில்லை. மூன்று வாரம் தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இடப்பக்கத்துப் பறவைக்கு மெல்லிய குரல், வலப்பக்கத்துக்குத் தடித்த குரல். நெருங்க நெருங்கக் கூவல் வேகமாகும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அதையெல்லாம் பிரித்து அறிந்த பிறகுதான் பொத்தானில் கை வைத்தாள். அன்றிலிருந்து நாலு மணிக்கு அரைமணி நேரம் அவளுக்கும் பறவைகளுக்கும் மட்டும். அங்கே யாரும் அவள் கையைப் பிடிப்பதில்லை.

இதெல்லாம் அன்றைக்கு மாதவி போன பிறகு இராஜம்மா அக்கா எனக்குச் சொன்னது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. பார்வை இல்லாத பெண் விளையாட வந்திருக்கிறாள், ஐயோ பாவம், நாம் சொல்லிக் கொடுப்போம் என்று எழுந்தேன். அக்கா ஒரு பக்கம் இடது என்றார். வடை தின்றுகொண்டிருந்தவர் வலது என்றார். நான் சுடு சுடு என்றேன். மறுப்பது மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மாதவி எங்கள் குரலுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடத்தில் படகு உடைந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆள் ஆடாமல் விட்டால் இந்த மிஷின் வேடிக்கை காட்டத் தானாகவே ஆடும். புதுப் படகு ஒன்று வந்து தன்பாட்டுக்குச் சுடத் தொடங்கியது.

"நான் இன்னும் இருக்கேனாண்ணே?"

"இருக்கீங்க, இருக்கீங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்குள் பறவைகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதியில் நானே கொஞ்சம் கிறங்கிப்போயிருந்தேன்.

"இப்பவும் அடிக்கிறேனா?" என்றாள்.

"சூப்பரா அடிக்கிறீங்கம்மா," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் கைய எடுத்து ரொம்ப நேரமாச்சுண்ணே."

திரும்பிப் பார்த்தேன். துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. மோட்டார் சைக்கிளைத் தட்டுகிறவள் என்னைத் தட்டியிருந்தால்கூடத் தேவலை. நன்றி சொன்னாள், கோலை விரித்தாள், மழையிலேயே போய்விட்டாள்.

கிள்ளான் திரும்பும் கொமுட்டரில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னலில் மழைத்தண்ணீர் சாய்வாக ஓடியது. வெட்கம். வேறு வார்த்தை இல்லை. ஒரு ஒயருக்குச் சோம்பல்பட்டு ஒரு மனுஷியின் அரைமணி நேரத்தை நான் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். அதற்கு மேல் பொய் வேறு. என்னோடு பயணம் செய்தவர்களெல்லாம் வாயை அசைத்தார்கள், எனக்கு ஒன்றும் கேட்டதாக நினைவில்லை. ஷா ஆலம் ஸ்டேஷன் எப்போது வந்து போனது என்றுகூடத் தெரியாது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாதவி கடைக்கு வரவில்லை என்று அக்கா போனில் சொன்னார். இனி வரமாட்டாள் என்று எனக்குப் பட்டது. அப்போதே எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற ஜாலான் பாசாருக்குப் போய், மூன்று கால் உள்ள சின்ன ரெகுலேட்டர் ஒன்றை வாங்கினேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியில் மைனஸ் பன்னிரண்டு உண்டு; இந்தப் பூச்சி அதை மைனஸ் ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கும். இவ்வளவுதான் வேலை. முதல் நாளே செய்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போனேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கடை இப்போதுதான் கடை மாதிரி இருக்கிறது, மாதவிக்கு வேண்டுமானால் தினமும் இலவசமாகத் தோசை தருகிறேன், இந்தச் சத்தம் மட்டும் வேண்டாம் என்றார். நான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். படகு உடைந்ததை நாம் எல்லோரும் மறைத்தோம், அவள் கையை எடுத்த பிறகும் நான் பாராட்டினேன், அது அவளுக்கும் தெரியும் என்று சொன்னேன். அக்கா மாவுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாலுலேர்ந்து அஞ்சு. அதுக்கு மேல வேணாம்," என்றார்.

டேப்பைப் பிரித்து, வெள்ளை ஒயரில் ரெகுலேட்டரைப் பற்றவைத்து, மீட்டரில் மைனஸ் ஐந்து வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். நாலு மணி அடிக்கச் சில நிமிடம் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு மெல்லிய கூவல், அதற்குப் பதில் சொல்வதுபோல் ஒரு தடித்த கூவல். ஆனால் எதிர்வரிசை மேல்மாடிக்கு இது எங்கே எட்டப்போகிறது? யாரையாவது அனுப்பிக் கூப்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள், அக்கா குனிந்து, பின்பக்கம் கையை விட்டு, சத்தத்தைக் கடைசி வரை திருகினார். பறவைகள் கடையை நிரப்பி, ஐந்தடி நடைபாதையைத் தாண்டி, கார்களுக்கு மேலே போயின. பூக்கடைக்காரர் திடுக்கிட்டு எழுந்தார்.

எதிரே படிக்கட்டில் கோல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக இல்லை, தடதடவென்று.

மாதவி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்து நின்றாள், சத்தத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்தாள், ஆரம்பித்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. படகு அவள் கைக்கு முன்னாலேயே நகர்வதுபோல் இருந்தது. ஒருமுறை இடப்பக்கம் ஒரு பறவை தாழப் பறந்தபோது இடது என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கூவல்கள் தலைக்கு மேலே இறங்கி இறங்கி வந்தன, ஒவ்வொன்றாக நின்றன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. அந்தச் சாயங்காலம் அதற்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

ஒரு வெடிச் சத்தம் கேட்டது. படகு உடைந்துவிட்டது.

கண்ணைத் திறந்தேன். அன்றைக்கு வடை தின்றுகொண்டிருந்தவரும் கடையில் இருந்தார். அவர்தான் மனசு கேட்காமல், பரவாயில்லைம்மா, இதுவும் ஜெயிச்ச மாதிரிதான் என்று ஆரம்பித்தார்.

மாதவி அவர் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இல்லண்ணே. தோத்துட்டேன்," என்றாள். "வலது பக்கம் ரெண்டு வந்துச்சு, நான் ஒண்ணுதான்னு நினைச்சிட்டேன். நானே தோத்தேன்."