இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று

எண்பதுகளின் கடைசியில், காரிமங்கலத்துக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவே ஒரு சிறிய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் மெக்கானிக். ஊரின் எல்லா அழைப்புகளையும் போர்டில் பிளக் செருகிச் செருகி இணைத்துக்கொடுத்தவர் ஆபரேட்டர் அம்மா. என் வயதுதான் அவருக்கும். அந்த வேலையைத் தானே செய்யும் பெட்டி ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அவருக்கு ஓசூர் மாற்றல். "வூடு இங்க, வேலை அங்கயா?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி, பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பெட்டிக்குக் கட்டளை கொடுக்க, திரையும் விசைகளும் கொண்ட டெர்மினல் ஒன்றை அதோடு இணைக்க வேண்டும். கேபிள் மட்டும் வந்து சேரவில்லை. "நீங்களே ஒண்ணு செஞ்சிருங்க. மூணு மணிக்கு வர்றேன். பொட்டி பதில் சொல்லலேன்னா வேற ஊருக்கு ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்த இன்ஜினீயர் தர்மபுரிக்குப் போய்விட்டார்.

ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைப்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. லைன் வேலையில் எங்கள் வேதம் ஒன்றுதான்: இந்த முனையில் எந்தக் கம்பியோ, அந்த முனையிலும் அதே கம்பி. மாற்றிப் போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று பற்றவைத்துச் செருகினேன். திரையில் ஓர் எழுத்துக்கூட வரவில்லை. பிரித்து, அதையே இன்னும் அழகாகப் பற்றவைத்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மணி இரண்டரை ஆகிவிட்டது, எனக்கு அழுகை வராத குறை.

ஆபரேட்டர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"பொட்டி பேசறது எந்தக் கம்பியிலங்க?"

"ரெண்டுல."

"கேக்கறது?"

"மூணுல."

"இந்த டெர்மினலு?"

"இதுவும் அப்படித்தாங்க."

"அப்ப ரெண்டு பேரு வாயும் ஒரே கம்பியில, ரெண்டு பேரு காதும் ஒரே கம்பியில. யாரு பேசறது யாருக்குங்க கேக்கும்?"

சுருக்கென்றது. ஒரு முனையில் மட்டும் இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைத்தேன். விசையைத் தட்டியதும், தயார் என்று ஆங்கிலத்தில் பச்சை எழுத்துகள் வந்து நின்றன. கம்ப்யூட்டர் வாசனையே இல்லாதவர் அவர். அவ்வளவு தெளிவான மூளையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "இது பேசிட்டா உங்க நாற்காலி போயிருமேங்க. சும்மா இருந்திருக்கலாமே?"

போர்டில் அழைப்பு ஒன்று வந்தது. பிளக்கை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு பேசத் தவிக்கறப்ப, சேத்து வெக்காம இருக்க எனக்கு வராதுங்க."

பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "நம்பர் சொல்லுங்க" என்றார்.